எட்டடிக் கழுத்து

கழுத்து மட்டும் எட்டடி இருந்தது. அதன் நுனியில் சின்னத் தலை, உடம்பின் இரு பக்கமும் இரண்டிரண்டு துடுப்பு. கோல சிலாங்கூர் கடலோரச் சேற்றில் மூன்று நாளாக நாறிக்கொண்டிருந்த அதைப் பார்க்க, சபாக்கிலிருந்துகூட லோரி பிடித்து வந்தார்கள். ஐஸ் விற்கிறவனும் வந்து மணியடித்துக்கொண்டிருந்தான்.

"கோடி வருசத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன மிருகம் சார். எங்க தோட்டத்து ஆபீஸ் கிராணியோட புஸ்தகத்துல அச்சா இதே படம் இருக்கு," என்றான் கார்த்திகேசு. "ஒன்னு மட்டும் தப்பிச்சிருக்கு. அதுதான் எங்க அண்ணன முழுங்கிருச்சு."

மீன்வள அதிகாரி சிவானந்தம் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். உச்சி வெயிலில் கரையோரம் நின்றிருந்த, அந்த அண்ணன் வீரனின் மனைவி அம்சவள்ளியிடம் திரும்பினார்.

"எப்பம்மா போனாரு?"

"பன்னெண்டு நாளாச்சு சார். ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு முடிஞ்சு வந்து, மத்தியானம் சாப்பிட்டுட்டு நண்டு புடிக்கக் கெளம்புனாரு. சாயங்காலத்துக்குள்ள வந்துர்றேன்னாரு."

அவள் முகத்து வீக்கம் இப்போதுதான் வடிந்திருந்தது. அழுத வீக்கம் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

கார்த்திகேசு கையிலிருந்த பையைத் திறந்து காட்டினான். ஒரு ஜோடி செருப்பு, விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. அதன் பட்டையில் சிவப்புத் துணி ஒட்டுப் போட்டிருந்தது.

"மறுநாள் இந்தச் சேத்தோரம்தான் கெடந்துச்சு சார். செருப்பு யாருதா வேணும்னாலும் இருக்கலாம். லைட்டுல அண்ணன் போட்ட ஒட்டப் பார்த்தப்புறம்தான் நான் நம்புனேன்."

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. உடம்பு கிடைக்காமல் காரியம் கிடையாது என்று தினமும் ஆள் சேர்த்துக்கொண்டு அலைந்தான். இந்த மிருகம் கரை ஒதுங்கிய அன்றுதான் தேடுவதை நிறுத்தினான்.

"முழுங்கிருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க சார்," என்றாள் அம்சவள்ளி. "இன்னும் நாலு நாள்ல பதினாறு. காரியத்த முடிச்சிட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

சிவானந்தம் சேற்றில் இறங்கினார். முதுகுத் தண்டில் கத்தியை வைத்து அழுத்தினார், சிரமமில்லாமல் இறங்கியது. வாலோரம் ஒட்டியிருந்த கொஞ்சம் தோலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கடைசியாக வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். சேறுதான் வந்தது.

அவர் கரையேறும் வரை அம்சவள்ளி கண்ணை எடுக்கவில்லை.

"இது சுறாம்மா. எலும்பே கெடையாது, வெறும் குருத்துதான். ரொம்பப் பெரிய சாதி. அழுகுறப்ப தாடையும் செவுளும்தான் மொதல்ல கழண்டு விழும். மிஞ்சுற மண்டையும் தண்டும் நீளக் கழுத்து மாதிரி தெரியும். பாக்குறவங்க ஏமாந்துருவாங்க."

"அப்ப அண்ணன்?" என்றான் கார்த்திகேசு.

"இது பொடி இறாலு, மீன் குஞ்சு மாதிரிதான் திங்கும் தம்பி. தொண்ட ரொம்பச் சின்னது. ஆள முழுங்கவே முடியாது."

நல்ல செய்தி சொன்ன திருப்தியில் சிவானந்தம் கையைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்துக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. வெறும் மீனைப் பார்க்கவா லோரிக்காரனைக் கெஞ்சி வந்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

"அப்ப தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்," என்றாள் அம்சவள்ளி உடனே.

"இருக்கலாம்மா," என்றார் சிவானந்தம்.

கார்த்திகேசு பையிலிருந்து விளக்கை வெளியே எடுத்தான். மூன்று நாளாக அவன் நம்பியிருந்த மிருகம் இல்லையென்று ஆகிவிட்டது. கையில் விளக்கு மட்டும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுவிட்சைத் தட்டினான். அடிக்கிற வெயிலில் அது எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"மத்தியானம் போன அண்ணனுக்கு லைட்டு எதுக்கு அண்ணி?"