கழுத்தில் பிரிந்து சேரும் நரம்பு

இப்போதெல்லாம் சவரத்துக்கு உட்காருகிற எவனும் கழுத்தை ஆட்டாமல் இருப்பதில்லை. போனைப் பார்த்துச் சிரிப்பான், கீறல் பட்டால் என்மேல் பாய்வான்.

இன்று மதியம் வந்தவன் பரவாயில்லை. முப்பது வயது இருக்கும், பார்த்திராத முகம். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். நுரை தடவப் போன நான் அப்படியே நின்றேன். தாடைக்குக் கீழே இறங்கிய பச்சை நரம்பு இரண்டாகப் பிரிந்து, சட்டைக் காலருக்கு மேலே மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

அப்படி ஒரு நரம்பை என் தம்பி கழுத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சில பேருக்குப் பிறவியிலேயே அப்படித்தான், ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். அது ஒன்றும் செய்யவில்லை. போன வருடம் மாரடைப்புதான் அவனைக் கொண்டுபோனது. பிணவறையில் கடைசிச் சவரம் நான்தான் செய்தேன். நரம்பு பிரிகிற இடத்தில் கத்தி பட்டுவிட்டது. ரத்தம் வரவில்லை.

இவனுக்கும் அதே இடத்தில் ஒரு தழும்பு. நன்றாக ஆறியிருந்தது.

"இது எப்பப்பா பட்டுச்சு?"

"போன வருஷம்ணே. ஷேவ் பண்ணும்போது."

"எவன் பண்ணான்?"

"தெரியலண்ணே, அசந்து தூங்கிட்டேன்." கண்ணைத் திறக்கவே இல்லை. "இந்தத் தடவையாவது பாத்துப் பண்ணுங்க."

கத்தியை மேசையில் வைத்தேன். "கை சரியில்லப்பா, வேற கடை பாரு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

நரம்பு யாருக்கும் எப்படியும் ஓடும். தழும்பும் யாருக்கும் இருக்கும். வேறெதையும் நான் நம்பவில்லை. கடை திறந்தபடியே கிடக்கிறது. அவன் எழுந்து போகட்டும் என்றுதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.