புகை போகும் வழி

காக்களூரில் தன்னோடு வேலை பார்க்கும் லோகுவின் டர்போ காருக்கு, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புது சைலன்சர் குழாயை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள் ஸ்நேகா.

"இன்னாத்துக்கும்மா இம்மாம் பெரிய பைப்பு?" என்றார் அப்பா அருணாச்சலம்.

"புகை தடையில்லாம போனாத்தான் வண்டி இழுக்கும்ப்பா. நாளைக்கு பெரியபாளையத்துல என் ஃப்ரெண்டுக்குத் திருட்டுக் கல்யாணம். அவ மாமனுங்க ஜாதி வெறி புடிச்சவனுங்க, தொரத்திக்கினு வருவானுங்க."

"பொண்ணோட அப்பன் இன்னா சொல்றான்?"

"அந்தாளு இன்னா சொல்லுவாரு? மச்சானுங்க முன்னாடி வாயே தொறக்க மாட்டாரு!"

அப்பா குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பட்டுப்புடவையோடு லோகுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த மகளிடம், கார் ஜன்னலில் குனிந்து அப்பா சொன்னார்:

"அவசரப்படாம போங்க. உன் மாமனுங்க வண்டி பைப்புல ஈரச் சாக்கை அடைச்சிட்டேன். புகை போனாத்தானே வண்டி இழுக்கும்?"