தத்தா சாப்பின் தங்கமீன்கள்

“என்னங்க, இன்னொண்ணும் போயிடுச்சு! நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

விசாலாட்சியின் குரல் கேட்டுக் குழந்தைவேலு பாதி சவரத்தோடு ஓடி வந்தார். பத்து நாளில் ஆறாவது சாவு. போர்ட் பிளேரில் ஒரே வீட்டில் ஆறு மனுஷர் போயிருந்தால் டாக்டர் பட்டாளமே வந்திருக்கும். போனது தங்கமீன், எவன் வருவான்?

கண்ணாடித் தொட்டியில் மீதி இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவை குழந்தைவேலுவின் மீன்கள் அல்ல. அவருடைய ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் தத்தா சாப், கல்கத்தாவுக்கு லீவில் போகும்போது எட்டையும் எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

குழந்தைவேலுவின் மெட்ராஸ் மாற்றல் காகிதம் சாப்பின் மேஜையில் கிடந்தது. ‘மீனை நல்லபடியாகப் பார்த்துக்கொள், வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்’ என்று தோளைத் தட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறினார். ஒன்பது வருஷமாக இந்தத் தீவின் மழையையும் அட்டையையும் பார்த்துச் சலித்த கிளார்க்குக்கு அந்தக் கையெழுத்தில்தான் உயிர். கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது, இன்று செவ்வாய்.

“நாசமாப் போற தண்ணி!” என்று குழாயடி வாளியை எட்டி உதைத்தார். கால்தான் வலித்தது.

குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் நுழைந்ததுபோல் பிளீச்சிங் பவுடர் நெடி. ‘குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, நெடி போனபின் தொட்டியில் மாற்று’ என்று சாப் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது இரண்டு நாள் வைத்தாலும் நெடி போகவில்லை. அறுபத்தேழாம் வருஷத்து ஏப்ரல் வெயிலில் கிணறுகள் வற்றிக் கிடந்தன, மழைக்கோ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

முதல் மீன் செத்த அன்றே தண்ணீர் ஆபீஸுக்கு மனு போட்டார். அப்புறம் இரண்டாவது மனு, மூன்றாவது மனு. ஒரு வரி பதில் இல்லை. நெடி மட்டும் மனுவுக்கு மனு ஏறிக்கொண்டே போனது.

“வேணும்னே பண்றானுங்க விசாலம். மனு போட்டவனைப் பழி வாங்குறானுங்க!”

“நீங்கதான் பேரே போடலியே? ‘இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்’னுல்ல எழுதினீங்க? யாருன்னு தெரிஞ்சு பழி வாங்குவாங்க?”

“சர்க்கார் உத்தியோகஸ்தன் இன்னொரு சர்க்கார் ஆபீஸ் மேல பேர் போட்டு மனு குடுக்க முடியுமாடி?”

பேசிக்கொண்டே, முந்தின மூன்றில் எழுதியதையே இன்னும் காரமாக்கி நாலாவது மனுவை எழுத உட்கார்ந்தார். ‘குழாய்த் தண்ணீரில் கிருமிகள் பெருகிவிட்டன. குழந்தைகள் வாந்தி பேதியால் அவதிப்படுகின்றனர். உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் மேலிடத்துக்குத் தந்தி அடிப்போம்.’ விசாலாட்சி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எந்தக் குழந்தைக்குங்க பேதி? பவுடர் ஜாஸ்தியா இருக்கு, மீன் சாவுதுன்னு உள்ளதை எழுதினா என்ன?”

“உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. மீன் சாவுதுன்னு எழுதினா சிரிச்சிட்டுக் குப்பையில போடுவான். கிருமின்னு எழுதினாத்தான் நாற்காலி அசையும். பெரியவன் பதறி அடிச்சிட்டு வந்து தண்ணியை மோந்து பாப்பான். பாத்தா விஷயம் தானா வெளிய வந்துடும்.”

பதினெட்டு வருஷ கிளார்க் அனுபவம் பேசியது. விசாலாட்சி செத்த மீனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

ஆபீஸ் போகிற வழியில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ‘பொதுமக்கள் கொடுக்கச் சொன்னாங்க’ என்று வழக்கம்போல் ஒரு பொய். தபால் வாங்குகிறவன் “அச்சா, அச்சா” என்று முத்திரை குத்தி உள்ளே எடுத்துப் போனான். அந்த அச்சாவைக் கேட்டு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மேட்டின் மேலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு மூச்சு வாங்க ஏறினார்.

அங்கே தண்ணீர் ஆபீஸில் மஸ்தூராகக் கூலிவேலை பார்க்கும் சின்னப்பன் நின்றிருந்தான். தூத்துக்குடிக்காரன், குழந்தைவேலுவின் தெருவிலேயே குடியிருக்கிறவன். அவன் காலடியில் மூடி திறந்த பவுடர் டின்கள் மூன்று உருண்டு கிடந்தன.

“அடப்பாவி, நீதானா! தெருக்காரன்னுகூடப் பாக்காம இப்படிக் கொட்டுறியே, நெஞ்சில ஈரமே இல்லையா? என் மெட்ராஸே போச்சேடா!”

சின்னப்பன் மிரண்டுபோனான். “நான் என்ன செய்ய பாபு? எனக்கு மட்டும் ஆசையா? கண்ணு ரெண்டும் எரியுது, ராத்திரி ஒரு வாய் சோறு எறங்கமாட்டேங்குது. முன்னால ஒரு டின்ல பாதிதான் போடுவேன். எல்லாம் எங்க தண்ணி ஆபீஸ் பெரிய சாப் போட்ட ஹுக்கும்.”

“எதுக்குடா அப்படி ஒரு உத்தரவு?”

“எவனோ ஒரு மகராசன், தண்ணியில கிருமி, பிள்ளைகளுக்குப் பேதின்னு ஊர்ப் பொதுமக்கள் பேர்ல எழுதிக்கிட்டே இருக்கான். தந்தி அடிப்பேன்னு வேற மிரட்டுதானாம். சாப் பயந்து நடுங்குதாரு.”

சின்னப்பன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த இன்னொரு டின்னின் மூடியை நெம்பினான்.

“மனு ஒண்ணுக்கு ஒரு டின்னு கூட, பாபு. இன்னைக்குக் காலையில நாலாவது வந்திருக்கு.”