பிரகதியின் உதை

அரிமளம் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு அன்றுதான் புதிதாக வந்திருந்தார் செல்வராணி டீச்சர். முதல் பீரியட் முடிவதற்குள் நிவேதா அழ ஆரம்பித்தாள்.

"டீச்சர், பெஞ்சுக்கு அடியில பிரகதி என்னைய ஒதைக்கிறா!"

உதைத்தவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே பிரகதியின் அம்மா அழகிக்குப் போன் போட்டார்.

அழகி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஒதைச்சாளா டீச்சர்? நெசமாவா? எந்தக் கால்ல?"

"மன்னிப்புக் கேப்பீங்கன்னு பார்த்தா, எந்தக் காலுன்னு கேக்குறீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்." அழகிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பொறந்ததுலேர்ந்து அவ ரெண்டு காலும் அசைஞ்சதே இல்லைங்க. இன்னைக்கும் நாந்தான் தூக்கியாந்து உக்கார வச்சுட்டுப் போனேன். இப்ப மதுரையில முதுகுத்தண்டுல ஊசி போடுறாங்க. ஆர்.என்.ஏ. மாதிரி லேப்ல செயற்கையா செஞ்ச மருந்தாம். அவ ஒடம்புல சுரக்காத புரதத்தை அது சுரக்க வைக்குமாம். கால் அசையுதான்னு பாத்துக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னாரு."

செல்வராணி திரும்பிப் பார்த்தார். பிரகதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். டீச்சர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"எங்கடா தங்கம், டீச்சரையும் ஒரு ஒதை ஒதை, பாப்போம்!"