பத்து நாளைக்குத் தண்ணீர் வேண்டாம்

மணி பிளாண்ட் வளர்ந்த பெயிண்ட் டப்பாவை, யோசனை கேட்டு வந்த பூங்குழலி என் மேசையில் வைத்தாள். இலையெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. கொல்லிமலைக்கு வேளாண்மை அதிகாரி நான். என் வீட்டில் துளசிகூடப் பிழைத்ததில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் மண்ணைக் கிளறி முகர்ந்தேன்.

“தண்ணி அதிகம். பத்து நாளைக்கு ஊத்தாதம்மா.”

“அது மட்டும் முடியாதுங்க சார்.”

“செடி செத்துருமே!”

“தெரியுதுங்க. ‘நான் வர்ற வரைக்கும் தினமும் தண்ணி ஊத்து’ன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டுப் போனாருங்க.”

“அப்ப அவரைச் சீக்கிரம் வரச் சொல்லு” என்று சிரித்தேன்.

“கொண்டை ஊசி வளைவுல லாரி உருண்டு, அவரு செத்து நாலு மாசமாச்சுங்க.”

சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி, டப்பாவின் அடியில் நான்கு ஓட்டைகள் போட்டேன்.

“இனிமே நாள் தவறாம ஊத்தும்மா. செடிக்கு ஒண்ணும் ஆகாது.”