துரை எழுதிய மேசை

மாமனார் வீராசாமி வீட்டில் பரீட்சைக்குப் போகிறவர்கள் அந்த மேசைப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ரெம்பாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை எழுதிய மேசையாம்!

அதன் கறுப்புச் சாயத்தைத் தேய்த்துப் புதுப்பிக்க உட்கார்ந்தான் மருமகன் தயாளன்.

"மாமா, சாயத்துக்கு அடியில எழுத்து தெரியுது லா!"

"தொரை பேருதான்! நல்லா தேய்ங்க மாப்பிள்ள. சூடம் எடுத்தாறேன்."

அவர் திரும்பி வருவதற்குள் பலகை முழுக்கப் புதுச் சாயம் பூசியிருந்தான் தயாளன்.

"தொரை பேரு அழியக் கூடாதுல்ல, மாமா!"

மாமனார் உருகிப்போய்ச் சூடம் காட்டினார்.

மனைவி மாலினி காதைக் கடித்தாள். "நெசமா என்னதான் எழுதியிருந்துச்சு?"

"'ஆண்கள் கக்கூஸ்'னு. பழைய கதவை அறுத்து மேசையாக்கியிருக்காங்க."

ஒன்றாம் வகுப்பிலிருந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் முகம் கழுவ ஓடினாள்.