தாளுக்குள் துளிர்

போன மாதம் இறந்த கணவர், தான் கண்டுபிடித்த கள்ளிக்கு சௌந்தரா என்ற பெண்ணின் பெயரை வைத்திருந்தார். அவள் யாரென்று மனைவி பத்மாசனியிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தச் செடியையாவது பார்க்கலாமென்று பத்மாசனி, செடிகளை உலர்த்தித் தாளில் வைத்துப் பாதுகாக்கும் தாவரக் காப்பகத்துக்கு வந்திருந்தாள்.

காப்பாளர் ஜெபராஜ் அந்தக் கள்ளி இருந்த தாளை விரித்தார். நசுங்கிய தண்டின் நுனியில் பச்சைத் துளிர்.

"வெந்நீர்ல முக்கிச் சாகடிச்சுட்டுத்தான் தாளுக்குள்ள வைப்போம். சார் எப்படி மறந்தார்?"

"அவர் எதையும் மறக்கிறவர் இல்லை."

"இப்பவாவது முக்கிடணும் மேடம். இல்லேன்னா அழுகிடும்."

ஜெபராஜ் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்தது. பத்மாசனி தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதோட பூ எப்படி இருக்கும்?"

"சார் மட்டும்தான் பார்த்திருக்கார்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஒரு தொட்டியில கொஞ்சம் மண் கிடைக்குமா?"